சூடு ஆறுமுன் வைத்த ஜீரோ

அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தவன் நான்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆய்வுக்கூடத்துக் கதவில் புதுக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். திருகாணித் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மூன்று தரம் அளந்தார். "என்னண்ணே, கதவுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்குப்பா" என்றார். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அவர் மில்லிமீட்டர். ஒரு மாதத்தில் அது தேய்ந்து மில்லி ஆகிவிட்டது. சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நான் பம்புக்காரன். எங்கள் டோகமாக் என்ற அணுக்கரு இணைவு எந்திரத்தின் இரும்புக் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றுவது என் வேலை. கலம் வளையம் மாதிரி இருக்கும். மூன்று பேர் கைகோத்து நின்றால் கட்டிப்பிடித்துவிடலாம். அதற்குள் துளி ஹைட்ரஜனை விட்டு, மின்சாரம் பாய்ச்சிக் கொதிக்க வைத்தால் அது பிளாஸ்மா ஆகிவிடும். அதைச் சுவரில் படாமல் காந்தப்புலம் பிடித்து வைத்திருக்கும். பிடித்து வைத்திருப்பது கால் விநாடிதான். அந்தக் கால் விநாடிக்கு நாங்கள் ஷாட் என்று சொல்வோம். நாளுக்கு இருபது ஷாட் எடுத்தால் நல்ல நாள். சூரியனைப் பூமியில் கொண்டுவரப் போகிறோம் என்று விருந்தாளிகளிடம் ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லும்போது நான் பம்பின் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மில்லியின் பொறுப்பு ஊசி. ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தண்டு, அதன் நுனியில் டங்ஸ்டன் முள். அதை வெளியிலிருந்து மெல்ல உள்ளே நகர்த்திப் பிளாஸ்மாவின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். நடுவில் தொட முடியாது, உருகிவிடும். ஓரம்தான் கதை. பிளாஸ்மா கட்டுக்குள் நிற்கிறதா, கிழிந்து சுவரில் கொட்டுகிறதா என்பது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குள் தீர்மானமாகிவிடும். ஆகவே ஊசி எத்தனை மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது என்று தெரியாவிட்டால் அது சொல்வதெல்லாம் உளறல்.

அதற்குத்தான் ஜீரோ வைப்பது. கலத்துக்குள் பிளாஸ்மாவின் எல்லையாக ஓர் உலோக விளிம்பு இருக்கிறது. எதிர்ப்பக்கக் கண்ணாடி ஜன்னலில் சின்னத் தொலைநோக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டே, ஊசியின் நுனி அந்த விளிம்புக்கு நேராக வரும்போது வெளியே அளவுகோலை ஜீரோவில் பூட்ட வேண்டும். இதில் ஒரே ஒரு விதி. கலத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்ட, வருஷத்துக்கு ஒருதரம் அதை நூற்றைம்பது டிகிரிக்குச் சுட வைப்போம். அதன் பிறகு இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் ஜீரோ வைக்கலாம். சூட்டில் தண்டும் நீளும், கலமும் விரியும். எவ்வளவு என்று மில்லியே பல வருஷம் முன்னால் அளந்து வைத்திருந்தார். அந்த எண்ணை அவர் ஒருவரைத் தவிர யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் ஆறவிடும்போது அந்த எண் எதற்கு?

படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். வைத்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. இரண்டாவது என்னுடையது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர் வைத்த ஜீரோவை நான் என்ன சரிபார்ப்பது? பத்து வருஷமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும். பிள்ளை இல்லை. வெளியூரில் ஒரு அக்கா இருந்தாள். அவரை வளர்த்தது அவள்தான் என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாய் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யார் உடனிருந்தார்கள் யார் வரவில்லை என்று நடைவழியில் நின்றுகொண்டு அக்காவும் தம்பியும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டார்கள். அதோடு பேச்சு நின்றது. பதினோரு வருஷம். மில்லிமீட்டர் தப்பினால் பொறுக்காத மனிதர் பதினோரு வருஷத்தைத் தப்பவிட்டார். இதை அவர் முகத்துக்கு நேராகவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "உனக்கு வாய் அதிகம்" என்றார்.

அன்று கலம் சூடேற்றி முடித்து ஆறத் தொடங்கிய முதல் நாள். மதியம் அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. அதை என்னிடம் நீட்டினார். 'நாலு மணிக்கு உங்க ஊர்ல வண்டி மாறுறேன். ஒரு மணி நேரம் ஸ்டேஷன்ல இருப்பேன். வர்றதா இருந்தா வா.' அக்கா.

"போங்கண்ணே, இன்னும் ஏன் நிக்கிறீங்க?" என்றேன்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளிலிருந்து நான்கு நாள் விடுப்பு சொல்லியிருந்தார், மனைவிக்குக் கண் அறுவை. அவர் திரும்பி வருமுன் ஷாட்டுகள் தொடங்கிவிடும். அதற்குள் ஜீரோ வைத்தாக வேண்டும். மாலைவரை இருந்து, சூட்டுக் கணக்கைக் கழித்து நிதானமாக வைப்பதாக இருந்தார்; இனி அதற்கு நேரமில்லை. ஏணியில் ஏறினார், தொலைநோக்கியில் பார்த்தார், அளவுகோலைப் பூட்டினார். சுவரின் வெப்பம் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. தன் குறிப்பேட்டில் அதையும் எழுதினார். எழுதாமல் விட அவரால் முடியாது.

"தம்பி, சூட்டுலயே வச்சுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஆறினதும் ஒருதரம் ஏறிப் பாத்துத் திருத்திடு. மறந்துடாத."

"இதெல்லாம் சொல்லணுமாண்ணே? நீங்க கிளம்புங்க."

நான் ஏறிப் பார்க்கவில்லை. மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் முழு உண்மையில்லை. இரண்டாம் நாள் ஞாபகம் வந்தது. ஏணி இருபதடி தள்ளி நின்றது. மில்லி வைத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். விடுப்பு முடிந்து வந்தவர், "பாத்துட்டியா?" என்று கேட்டார். "ஆச்சுண்ணே" என்றேன். அவ்வளவுதான் பொய். ஒரே ஒரு சொல்.

அந்த வருஷம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷாட்டுகள் எடுத்தோம். எல்லாம் ஒரு ஆராய்ச்சி மாணவிக்காக. பட்டம் வருமுன்பே அவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவோம். அவளும் பந்தாவாகத் தலையாட்டுவாள். பிளாஸ்மாவின் ஓரத்தில் கொந்தளிப்பு சட்டென்று அடங்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. மற்ற ஆய்வுக்கூடங்களில் அது சரியாக எல்லை விளிம்பில் இருந்தது. எங்கள் கலத்தில் அது உள்ளே தள்ளியிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க அவள் ஒரு வருஷம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் புதுசாக ஒரு விளக்கமும் கண்டுபிடித்துவிட்டாள். தலைவர் பூரித்துப் போனார்.

அவள் ஆய்வுக் கட்டுரையை அனுப்புவதற்கு ஐந்து நாள் முன்பு, கருத்தரங்க அறையில் அதை விளக்கிக் காட்டும் ஒத்திகை. ஊசியை ஓட்டியவர் என்பதால் மில்லியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் திரைச்சீலையை இழுத்து விடப் போயிருந்தேன். படத்தில் சிவப்புக் கோடு விளிம்பிலும், அடுக்கைக் காட்டும் நீலக் கோடு அதற்குச் சற்று உள்ளேயும் இருந்தன. "இந்த இடைவெளி மூணு மில்லிமீட்டர்" என்றாள் அவள். "ஆயிரம் ஷாட்லயும் மாறவே இல்ல. அதான் ஆச்சரியம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மில்லி தட்டவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தச் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசமாக அவர் அளந்து வைத்திருந்த எண் மூன்று மில்லிமீட்டர். அந்த எண் எனக்கு அப்போது நினைவில்லை. ஆனால் அந்தப் பார்வை எதைக் கேட்கிறது என்று தெரிந்தது.

பம்பு அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அன்னிக்கு நீ ஏறிப் பாத்தியா?"

நான் குனிந்து பம்பின் எண்ணெயைப் பார்த்தேன்.

"சரி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, சும்மா இருங்கண்ணே. மூணு மில்லிமீட்டர். யாருக்குத் தெரியப் போகுது? அந்தப் பொண்ணு பொழப்பையும் கெடுத்து, உங்க பேரையும் கெடுத்துக்கப் போறீங்களா?"

என் பேர் என்று நான் சொல்லவில்லை. அவர் அதைக் கவனித்திருப்பார்.

"தம்பி, நம்மகிட்ட எல்லாம் வேற என்ன இருக்கு? அவங்க படிச்சவங்க, கணக்குப் போடுவாங்க. நம்ம சொல்ற எண்ணை நம்பித்தான் போடுவாங்க" என்றார்.

தலைவரிடம் போகுமுன் அவளிடம் போனார். அதுதான் மில்லி. "டாக்டரம்மா, ஒருதரம் வந்து இந்தக் கண்ணாடியில பாருங்க" என்று கூப்பிட்டார். அளவுகோல் ஜீரோவில் இருந்தது. கலம் குளிர்ந்திருந்தது. அவள் ஏணியில் ஏறித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். ஊசியின் நுனி விளிம்புக்கு நேராக இல்லை, பின்வாங்கி நின்றது. எவ்வளவு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுக்கு எங்கும் தள்ளியிருக்கவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் எங்கே இருந்ததோ, எங்களுக்கும் அங்கேயேதான் இருந்தது. ஊசிதான் தள்ளி நின்றது.

"ஒரு வருஷம், அண்ணா" என்றாள் இறங்கி வந்து. "ஒரு வருஷம் நான் உங்க ஊசிக்கு விளக்கம் கண்டுபிடிச்சுட்டு இருந்திருக்கேன்." கத்தவில்லை. அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போனவள் ஒன்பது நாள் வரவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. நான் வாயைத் திறக்கவில்லை.

பிழைப் பதிவுப் படிவம் ஒன்று உண்டு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். மில்லி தன் அச்சுப் போன்ற கையெழுத்தில் எழுதினார்: 'சுவர் ஆறுமுன் ஜீரோ வைத்தேன். என் அக்காவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது.'

தலைவர் இரண்டாவது வரியை அடிக்கச் சொன்னார். "இது சொந்த விஷயம், இங்க வேண்டாம்."

"மொத வரி என்ன நடந்துச்சுன்னு சொல்லுது சார். ஏன்னு ரெண்டாவதுலதான இருக்கு."

"சரிபார்த்தவர் யாரு?"

நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மில்லி என்னைப் பார்க்கவே இல்லை. "என் வார்த்தையை நம்பிப் போட்ட கையெழுத்து சார். ஜீரோ என் வேலை. என்னோட நிறுத்திக்குங்க" என்றார். தலைவர் எழுதிக்கொண்டார். நான் அப்போது பேசியிருக்கலாம். மூச்சுவிடும் நேரம் போதும். வீடு, பதவி உயர்வு, ஊர் வாய் என்று என்னென்னவோ தலைக்குள் ஓடியது. பேசவில்லை.

அவரை ஊசியிலிருந்து எடுத்துக் கேபிள் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை ஆறு வருஷம் அங்கேயே இருந்தார். கேபிள்களை நீளவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி வைத்தார். நீளம் மில்லிமீட்டரில். ஊசி என் கைக்கு வந்தது.

டாக்டரம்மா திரும்பி வந்தாள். எல்லா எண்களையும் மூன்று மில்லிமீட்டர் நகர்த்தி, வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒன்றரை வருஷம் கழித்து நிஜமாகவே டாக்டர் ஆனாள். கட்டி முடித்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு அவள் நேராகக் கிடங்குக்குப் போனாள். நான் அப்போது கேபிள் வாங்க நின்றிருந்தேன். ஏட்டை அவர் மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு அக்காவைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. பிளாட்பாரத்துல பெஞ்ச்ல உக்காந்திருந்தாங்க. டீ குடிச்சோம். அம்மாவைப் பத்தி ஒண்ணும் பேசல. என்னைப் பாத்து, முடியெல்லாம் கொட்டிடுச்சேடான்னு சிரிச்சாங்க. வண்டி எட்டு நிமிஷம் லேட்டு."

"இப்ப எங்க இருக்காங்க?"

"இல்லம்மா. வைத்தியத்துக்குத்தான் போயிட்டிருந்திருக்காங்க. எங்கிட்ட சொல்லல. நாலாவது மாசம் போயிட்டாங்க."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க போனதுதான் சரி" என்றாள். மில்லி தலையாட்டினார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் கேபிளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று ஜீரோ வைப்பவன் நான். இரண்டு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் ஆறவிடுகிறேன், ஏறி இறங்கி நான்கு தரம் பார்க்கிறேன். என் கவனத்தைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் என்னையே மில்லி என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கூசுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் படிவத்தின் கட்டத்தில் அவருக்கு எழுத ஒரு காரணம் இருந்தது. நான் அந்த ஏணியில் ஏறாததற்கு, யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எந்தக் காரணமும் இல்லை. அன்று எனக்காக எந்த ஸ்டேஷனிலும் யாரும் காத்திருக்கவில்லை.