ஃபேமிலி ஹோட்டல்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் குவைத்தில், ஃபர்வானியாவில் குடியிருந்தோம். கம்பெனி என்னை ஒரு கண்காட்சிக்காக அமெரிக்காவின் சூதாட்ட நகரம் ஒன்றுக்கு அனுப்பியது. மனைவியும் கூட வருவதாக முடிவாயிற்று.

"ஃபேமிலி ஹோட்டலான்னு கேட்டுட்டு ரூம் போடுங்க. கண்ட இடத்துல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றாள்.

எங்கள் தெருவில் பரோட்டாக் கடைக்குக்கூட 'ஃபேமிலி' என்று பலகை மாட்டிய தனி வாசல் உண்டு. அந்தப் பலகையைத் தாண்டித் தனி ஆள் எவனும் உள்ளே வர முடியாது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் வெளியே சாப்பிடவே வருவாள்.

போன் போட்டுக் கேட்டேன். ஃபேமிலி ஹோட்டல்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள்.

போய் இறங்கினால், வாசலிலிருந்தே சூதாட்ட எந்திரங்கள்! லிஃப்டுக்குக்கூட அவற்றின் நடுவேதான் போகவேண்டும். மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இதுவா ஃபேமிலி ஹோட்டல் என்று வரவேற்பு மேசையில் ஆங்கிலத்தில் கத்தினேன்.

அங்கிருந்த பெண் சிரித்தபடி கைகாட்டினாள். அப்பா, அம்மா, மகன், மருமகள் என நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் வருகிற குடும்பமாம். ஓரத்தில் இருந்த மாமியார் மடியில் ஒரு வாளிச் சில்லறை.

மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, அந்த அம்மா பக்கத்துல ரெண்டு சீட்டு காலியா இருக்கு."