பதினான்கு தொட்டியும் ஒரு பூட்டும்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்கு நல்ல வார்த்தை வராது என்பார்கள். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் விருப்பமில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் அண்ணிக்குப் பொறுமை என்பதே கிடையாது. இருக்கிற பொறுமையையெல்லாம் வேலையில் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவர் அவர்.

லிஃப்ட் கம்பெனியில் வேலை. ஊரில் யார் எந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினாலும், அழைப்பு அண்ணி உட்கார்ந்திருக்கும் அறைக்கு வரும். சன்னல் இல்லாத அறை. மூன்று நாற்காலி, மூன்று ஹெட்போன், சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் விளக்கு எரியும், மேலாளர் எழுந்து வருவார். எடுத்த பிறகு மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை பேச்சை விடக் கூடாது. உள்ளே இருப்பவர் அழுதாலும் சரி, இவர் பரம்பரையையே திட்டினாலும் சரி. ஒரு கணக்கு வாத்தியாரைப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லவைத்தே முக்கால் மணி நேரம் ஓட்டினாராம். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. அவர்களும் நானும் ஒரே கட்டடம், அதில் லிஃப்ட் கிடையாது. வீடு பார்க்க வந்தபோது அண்ணி முதலில் விசாரித்ததே அதைத்தான்.

போன வருடம் ஓர் ஆள் மாட்டிக்கொண்டார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். நான்கு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. அண்ணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மெக்கானிக் கதவைத் திறந்தபோது அந்த ஆள் மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தே போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனது அண்ணிக்குத்தான். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். அண்ணன் பதில் சொல்ல அரை நிமிடம் தாமதித்தால் கண் கலங்கிவிடும். ரத்த அழுத்தம் எகிறியது. வேலையை விடுங்கள், இல்லையென்றால் மனது லயிக்கிற மாதிரி வேறு எதையாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மொட்டைமாடியில் பதினான்கு தொட்டிகள் வந்து இறங்கின. கத்தரி, மிளகாய், தக்காளி, வெள்ளரிக்கொடி. முதல் இரண்டு மாதம் அண்ணியைப் பார்க்கவே நன்றாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் கைப்பையை என் வீட்டு வாசலில் போட்டுவிட்டு நேராக மேலே போவார். மண்ணைக் கிளறுவார், பழுத்த இலையைக் கிள்ளுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். செடியோடு பேசினால் நன்றாக வளருமாமே என்று சும்மா சீண்டினேன். "நாள் பூரா பேசிட்டு வர்றேன். இதுங்களாவது என்னைச் சும்மா விடட்டும்" என்றார். இறங்கி வரும்போது நகக்கண்ணில் மண் இருக்கும், முகம் கழுவிவிட்ட மாதிரித் தெளிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்கவே அண்ணன் படிக்கட்டில் வந்து நிற்பான்.

ஒரு விடுமுறை நாள் நடுப்பகலில் மேலே போனவர், வெள்ளரி இலையெல்லாம் துவண்டு தொங்குவதைப் பார்த்துவிட்டார். அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடி ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார். சாயங்காலம் இலை நிமிர்ந்தது. தான் உடனே ஓடியதால்தான் பிழைத்தது என்று முடிவுகட்டினார். அன்றிலிருந்து செடிகளுக்கும் மூன்றாவது மணிச் சட்டம் வந்துவிட்டது. வேலைக்குப் போகுமுன் தண்ணீர், வந்ததும் தண்ணீர், இருட்டுவதற்குள் இன்னொரு தடவை. நடுப்பகல் ஷிஃப்ட் எனக்கு. நான் நான்காம் மாடியில் வீட்டிலேயே துணி தைக்கிறவள், மொட்டைமாடிக்கு ஒரு படிக்கட்டுதான் தூரம். பதினொன்றுக்கு ஒரு போன், இரண்டுக்கு ஒரு போன். இலை தொங்குகிறதா என்பார். தொங்கினால் ஊற்ற வேண்டும். தொங்காவிட்டாலும் எதற்கும் ஒரு குவளை ஊற்றி வைக்க வேண்டும். யாரோ நிம்மதி தேட என் முழங்கால் தேய்ந்தது.

இலைகள் மஞ்சளாயின. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினார். மண் சேறாகி வாடை அடித்தது. நான்கு தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சிறுபிள்ளையிலேயே எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது அப்போது ஞாபகம் வரவில்லை. அண்ணியின் முகம் பழையபடி இறுகிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்துக் காவலாளியின் மகளுக்குப் பிரசவ வலி வந்தது. அவர் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்து, யாராவது கேட்டால் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அண்ணி வந்து பூட்டைப் பார்த்துப் பதறினார். சாவி எங்கே என்று கேட்டார். தெரியவில்லையே என்றேன். செடிகளுக்கு நல்லது செய்யத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், எனக்கு முழங்கால் வலி. நாலு நாள் ஓய்வு கிடைக்குமே என்று சாவியைத் தையல் மெஷின் இழுப்பறையில் போட்டு மூடினேன்.

இரண்டாம் நாள் அண்ணி பூட்டின் முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். காவலாளிக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. பூட்டை உடைக்கலாமா என்று அண்ணனைக் கேட்டார். நான் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுத்த வேகத்தில் ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் மாற்றித் தைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் படிக்கட்டில் என்னை நிறுத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"வேலையை விடறதுக்கு லெட்டர் எழுதி வெச்சுட்டா. ஒரு செடியைக்கூட உயிரோட வெச்சுக்கத் தெரியாதவ, மனுஷங்களை எப்படிப் பார்த்துக்கறதுன்னு கேக்கறா. அந்தச் செடிங்க போயிருந்தா, திங்கக்கிழமை கொடுத்துடுவா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அண்ணி எத்தனை பேரைத் தன் குரலாலேயே பிடித்து நிறுத்தியவர். அந்த மனுஷிக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையை நான் இழுப்பறைக்குள் பூட்டி வைத்திருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அண்ணிக்கு விடுமுறை. காலையில் முதல் வேலையாகப் போய்ச் சாவியை நீட்டினேன்.

"எங்கிட்டதான் அண்ணி இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

ஒரு பாட்டம் திட்டு வாங்கத் தயாராகவே போயிருந்தேன். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்காலோடு மேலே ஓடினார். நானும் முழங்காலை மறந்து பின்னால் ஓடினேன்.

பத்துத் தொட்டியும் உயிரோடு இருந்தன. உயிரோடு என்ன, இத்தனை நாளில் இவை இவ்வளவு செழிப்பாக நின்று நான் பார்த்ததில்லை. மிளகாயில் புதுத் துளிர். கத்தரியின் மஞ்சள் இலைகள் உதிர்ந்து, நடுவிலிருந்து பச்சையாக இரண்டு இலை. அண்ணி ஒவ்வொரு தொட்டியாக விரலை விட்டுப் பார்த்தார். மேல்மண் காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் ஈரம். சேற்று வாடை இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் கொன்னுட்டு இருந்தேனா?" என்றார்.

நான் குனிந்து உதிர்ந்த மஞ்சள் இலைகளைப் பொறுக்கினேன்.

அண்ணி இறங்கி வர மறுத்துவிட்டார். தண்ணீர்த்தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நானும் பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. பன்னிரண்டரைக்கு வெள்ளரி இலை ஓரம் சுருண்டது. ஒரு மணிக்கு மொத்தக் கொடியும் துவண்டுபோனது. அண்ணி எழுந்தார், வாளி வரைக்கும் போனார், திரும்பி வந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவருக்குப் பேச்சுக் கொடுப்பதுபோல நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அந்த மாற்றித் தைத்த சட்டைக் கதையையும் சொன்னேன். ஒரு கட்டத்தில், "கொஞ்சம் சும்மா இரேன்" என்றார். இருந்தேன். இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நாலரைக்கு வெயில் சாய்ந்தது. எப்போது நடந்தது என்று தெரியாமல், ஓர் இலை நிமிர்ந்து மட்டம் பிடித்திருந்தது. பிறகு பக்கத்து இலை. ஐந்தரைக்கெல்லாம் கொடி முழுக்க நிமிர்ந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.

அண்ணி அழுதார். வருடக் கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்குகிற அழுகை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னிக்கு அந்த ஆளு… நான் கூப்பிட்டுட்டே இருந்ததாலதான் முழிச்சாருன்னு நெனச்சுட்டு இருக்கேன். நான் ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தாலும் முழிச்சிருப்பாருல்ல?"

எனக்கு லிஃப்டும் தெரியாது, மயக்கமும் தெரியாது.

"முழிச்சிருப்பாரு அண்ணி" என்றேன்.

அன்று ஆறரைக்கே படுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை அண்ணன் நான்கு தடவை எழுப்பிய பிறகுதான் எழுந்தாராம். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகப் பத்து நிமிடம் தாமதமாக, அந்த லெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேலைக்குப் போனார்.