விரல் வைத்தாலும் எடுத்தாலும்

காது கிளினிக்கில் கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு மோதினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்முனைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்பவர். அறுபதை நெருங்கியவர். வந்து உட்கார்ந்ததும், "காதுக்கு மெஷின் ஒண்டு தாங்க தங்கச்சி" என்றார். இடது காது சில மாதங்களாக அடைத்திருந்தது. பாங்குச் சத்தம் குறைந்துபோய்விட்டதென்று ஊரில் குறை. நோன்புக்கு முன் வேறு ஆள் வைக்கப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டதாம்.

"பாங்கு சொல்லாட்டி நான் ஆரு?" என்று கேட்டார்.

ஹெட்போனை மாட்டப்போனேன். அவர் சும்மா சொல்வதுபோலச் சொன்னார்.

"பாங்குக்கு ரெண்டு காதுலயும் விரல் வெக்கிறதானே. வலதுல வெச்சாத்தான் குரல் உள்ளுக்கு முழங்கும். இடதுல வெச்சாலும் எடுத்தாலும் ஒண்டுதான், முழங்கிக்கிட்டே இரிக்கி. அதால மெல்லமாச் சொல்றன்."

நரம்பு பழுதான காது விரல் வைக்காமல் இப்படி முழங்காது, உள்ளே ஏதாவது அடைத்திருந்தால்தான் முழங்கும். அதனால் செவிப்பறையையும் டெஸ்ட் செய்தேன், அதற்குப் பின்னால் நீர் என்றே வந்தது. பிள்ளைகளுக்கு அது சாதாரணம். பெரிய ஆளுக்கு, அதுவும் ஒரு காதில் மட்டும் என்றால், எங்கள் டொக்டர் மூக்கின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடமாட்டார்.

"காதுக்கு வந்தா மூக்குக்குள்ள என்னத்தப் பாக்கிற?" என்று கூட வந்த மகன் சினந்தார். எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

"காதுக்குக் காத்துப் போற குழாய்ட வாய் அங்கதான் இருக்கு. அது அடைபட்டா காதுல தண்ணி நிக்கும்" என்றார் டொக்டர்.

கேமரா வைத்த மெல்லிய ஸ்கோப் மூக்கு வழியே உள்ளே போனது. திரையில், அந்த வாயை அழுத்தியபடி வழவழப்பான ஒரு வீக்கம் தெரிந்தது. மோதினார் திரையைப் பார்க்கவில்லை, டொக்டரின் முகத்தையே பார்த்தார்.

"புத்து நோயா?"

"நீர்க்கட்டி மாதிரி இருக்கு ஐயா. பெரிய ஆக்களுக்கு அபூர்வம். ஸ்கேன் எடுத்து, ஒபரேஷன் செய்து, டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்."

ஒபரேஷன் முடிந்து டெஸ்ட் முடிவு வரும்வரை அவருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். எல்லா நோயாளிக்கும் நான் அப்படிக் கேட்பதில்லை. வந்தது வெறும் நீர்க்கட்டிதான், அல்ஹம்துலில்லாஹ்.

அன்றே மெஷினைக் கொடுத்திருந்தால் அவரும் சந்தோஷமாகப் போயிருப்பார், கட்டியும் உள்ளேயே இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன், ஹெட்போனை மாட்டுவதற்கு முன் ஆளைக் கொஞ்சம் பேச விடுங்கள்.

ஒபரேஷனுக்குப் பிறகு மறுபடி டெஸ்டுக்கு வந்தார். நான் ஹெட்போனை எடுக்குமுன் இடது காதில் விரலை வைத்து, பாங்கின் முதல் சொற்களை மெதுவாகச் சொன்னார். விரலை எடுத்தும் சொல்லிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இப்ப முழங்க விரல் வேணும், தங்கச்சி" என்றார்.