கம்பாசிட்டர் தலையில் கட்டிய கணக்கு

அச்சாபீசில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் நன்றாக வந்தால் எழுதியவர் மேதை. தப்பாக வந்தால் எழுத்துக் கோத்தவன் கழுதை. இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால், புத்தகம் எழுதுகிறவர்கள்தான், வேறு யார்?

மைசூர் சந்தேபேட்டையில் மல்லப்பன் என்பவர் நடத்திய அச்சாபீசில் லிங்கப்பன் பதினெட்டு வருஷம் கம்பாசிட்டராக இருந்தான். ஊர் ஹனூர்ப் பக்கம். நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. கேழ்வரகுக் காடு இரண்டு மழைக்கு ஏமாற்றியதும் மைசூருக்கு வந்து, ஈய எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றவன் நின்றவன்தான். வீட்டில் பேச்சு தமிழ், கை பேசியது கன்னடமும் இங்கிலீஷும். அவன் கோத்த பக்கத்தில் பிழை தேடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று மல்லப்பனே வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். லிங்கப்பனுக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

1936ஆம் வருஷம், ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் யக்ஞநாராயணன் கன்னடத்தில் ஒரு பீஜகணிதப் புத்தகம் எழுதிக் கொண்டுவந்தார். இப்போது நாம் இயற்கணிதம் என்கிறோமே, அதன் பாலபாடம். அரசாங்க உத்தியோகத்துக்காக மைசூர் வந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. மனிதர் படித்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் கையெழுத்துப் பிரதியை, கோயிலில் பிரசாதம் போடுகிற மாதிரி, உயரத்திலிருந்து லிங்கப்பன் கையில் போட்டார்.

"பிரதியிலே என்ன இருக்கோ அதைக் கோத்தாப் போறும். உன் புத்தியை இதிலே கலக்காதே. ஜூன்லே பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ளே வந்தாகணும்."

"ஆகட்டுங்க சாமி" என்றான் லிங்கப்பன்.

முதல் தொல்லை x எழுத்தால் வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் சங்கத்து நோட்டீசுக்கும் அந்த எழுத்து எத்தனை வேண்டும்? பெட்டியில் மொத்தம் நாற்பத்தொன்று கிடந்தது. வாத்தியார் புத்தகத்திலோ பக்கத்துக்கு இருபது, முப்பது. நாலு பக்கத்தை ஒரே சட்டத்தில் ஒரு பாரமாகப் பூட்டி அச்சிட வேண்டுமானால் எழுத்து போதாது. சிலசமயம் இரண்டு பக்கத்தை அச்சிட்டுக் கலைத்து, அதே x-களை எடுத்து அடுத்த பக்கத்துக்கு வைக்க வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் கோப்பதற்கு முன்னால், அதில் எத்தனை x வரும் என்று லிங்கப்பன் வரி வரியாக எண்ணிப் பார்ப்பான்.

எண்ணப் போனவனுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. முதல் வரியில் மூன்று x இருக்கும். அடுத்ததில் இரண்டு. கீழே வர வர குறையும். கடைசி வரியில் ஒன்றே ஒன்று நிற்கும், அதற்கு எதிரே ஓர் எண். அடேயப்பா, இதற்குத்தானா இத்தனை பாடு என்று அவனுக்குத் தோன்றியது. x என்பது முகத்தை மூடிக்கொண்டிருக்கிற ஓர் எண். சுற்றி நிற்பவற்றை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தினால் அதன் முகம் தெரியும். இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அந்தப் பக்கமும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தராசு சாயும். சமக்குறியைத் தாண்டி மறுபக்கம் போகிற எண்ணுக்குக் கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி நின்றால், அடைப்பை எடுக்கும்போது உள்ளே இருப்பவற்றின் குறி மாறும். கிடைத்த விடையை x இருந்த இடத்தில் வைத்துப் பார், இரண்டு பக்கமும் சமமாக வந்தால் சரி. இவ்வளவையும் வாத்தியாரே எழுதியிருந்தார், தெளிவாகவே எழுதியிருந்தார்.

நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. அங்கே ஒரு மாதிரிக் கணக்கு.

15 − 2(x − 3) = 7
15 − 2x − 6 = 7
9 − 2x = 7
2x = 2
x = 1

லிங்கப்பனின் கை நின்றது. அடைப்புக்குள் மூன்றுக்கு முன்னால் கழித்தல், வெளியேயும் கழித்தல். அப்படியானால் ஆறுக்கு முன்னால் கூட்டல் அல்லவா வர வேண்டும்? பதினோராம் பக்கத்தில் இதே கையால் அப்படித்தானே கோத்தான்? ஒன்றை வைத்துப் பார்த்தான். பத்தொன்பது வந்தது. வர வேண்டியது ஏழு.

புரூஃபை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கே போனான். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏண்டா, ஈயத்தைப் பொறுக்கறவன் எனக்குக் கணக்குச் சொல்லித் தர வந்துட்டியா? பிரதியிலே இருக்கறபடி கோத்தியோ இல்லையோ?"

"கோத்துட்டனுங்க. ஆனா ஆறுக்கு முன்னால..."

"கோத்தாச்சுன்னா போ."

வாசலிலேயே நிறுத்தி, அச்சிடலாம் என்று அங்கேயே புரூஃபில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். தப்பைச் சொல்ல வந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம், ஒரு நிமிஷம் தாளைப் பார்த்திருக்கலாம் அல்லவா? பார்த்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கம்பாசிட்டர் தன் இஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது என்பது தொழில் தர்மம். தப்பு அப்படியே அச்சேறியது.

ஆகஸ்டில் குண்டலுபேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரும் ஏழு என்று விடை சொல்கிறார்கள், புத்தகம் ஒன்று என்கிறது, எதை நம்புவது என்று அங்கிருந்த வாத்தியார் கேட்டிருந்தார். மறுநாள் யக்ஞநாராயணன் அச்சாபீசுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத் தாள். ஆயிரம் பிரதியிலும் ஒட்டுவதற்கான பிழைதிருத்தம். அதன் தலைப்பு: "அச்சுக்கோப்பவரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை."

அந்தத் தாளை லிங்கப்பனிடமே கொடுத்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி உண்டா?

"இதை நான் கோக்க மாட்டனுங்க" என்றான்.

மல்லப்பன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் இந்த வாத்தியார் மூலமாக வருகிறது, சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே என்று கன்னடத்தில் தணிவாகச் சொன்னார். பிறகு தணிவை விட்டுவிட்டு, கோக்க முடியாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

லிங்கப்பனுக்கு முகம் சிவந்தது. "ஏனுங்க மொதலாளி, கை தவறுனா ஒரு எழுத்துத் தவறும். ஒத்துக்கறேன். கூட்டலுக்குப் பதிலா நான் கழித்தலை வெச்சுட்டேன்னே வெச்சுக்குங்க. அப்போ அடுத்த வரியில இருவத்தொண்ணுன்னுதான இருக்கோணும்? ஒம்பதுன்னு ஏன் இருக்குது? அதுக்குக் கீழ ரெண்டு, அதுக்குங்கீழ ஒண்ணு. ஒரு தப்பைப் புடிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் கணக்குப் போட்டிருக்குது. ஈய எழுத்து தானா கணக்குப் போடுமுங்களா?"

அச்சு யந்திரக்காரன்கூட மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். யக்ஞநாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வாய் நீளறது. மல்லப்பா, இவன் கோப்பானா மாட்டானா?"

லிங்கப்பன் அதற்குள் தாளின் அடிப்பாகத்தைப் படித்துவிட்டான். அவசரத்தில் எழுதிய திருத்தம்.

15 − 2x + 6 = 7
21 − 2x = 7
2x = 21 + 7
x = 14

"கோக்கறனுங்க" என்றான். "ஆனா இதுலயும் தப்பு இருக்குது. நாளைக்கு இதுக்கும் எம்பேர்தானுங்களா?"

"எங்கேடா தப்பு?"

"விடையை வெச்சுப் பாருங்க சாமி. நீங்க எழுதுன வழிதான்."

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே போட்டார். "பதினாலிலே மூணு போனா பதினொண்ணு. ரெண்டு பதினொண்ணு இருபத்திரண்டு. பதினைஞ்சு, இருபத்திரண்டு... ஏழு! பாத்தியா? சரியா வந்துடுத்து!"

லிங்கப்பனை முந்திக்கொண்டு பேசியவர் மல்லப்பன். பீஜகணிதம் அவருக்கு எட்டாது. ஆனால் அவர் அப்பா தேவராஜ மார்க்கெட்டில் வெல்லம் விற்றவர்.

"சாமி, பதினைந்து அச்சு வெல்லம் இருக்கிற கூடையிலிருந்து இருபத்திரண்டை எடுத்தால் ஏழு மிஞ்சுமா? ஏழு பற்றாதே?"

மிஷின்காரன் சிரித்துவிட்டான். யக்ஞநாராயணன் தாளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. மறுபக்கம் போன ஏழின் குறியை மாற்றாமல் விட்டது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருபத்தொன்றில் ஏழைக் கழித்தால் பதினாலு, அதில் பாதி ஏழு. பள்ளிக்கூடத்துப் பையன்கள் சொன்னது சரி. வாசலில் நின்றவன் சொல்ல வந்ததும் அதுதான்.

பேனாவை எடுத்துக் கடைசி இரண்டு வரிகளைத் திருத்தினார். தலைப்பில் இருந்த "அச்சுக்கோப்பவரின் கவனக்குறைவால்" என்பதை அடித்தார். மிச்சம் "நேர்ந்த பிழை" என்று மட்டும் நின்றது. ஆடிக் காற்றில் ஓடு பறந்த மாதிரி, பிழை தானாக வந்து விழுந்ததாம்! அடுத்தவன் தப்பென்றால் பெயர் உண்டு, பட்டம் உண்டு. தன் தப்பென்றால் அது அநாதை.

லிங்கப்பன் தாளை வாங்கவில்லை. "யாரால நேர்ந்த பிழைன்னு போடறதுங்க சாமி?"

வாத்தியார் தாளை மறுபடி அவன் பக்கம் நீட்டினார்.

"தெரியாததுக்கு எக்ஸ்னு வைக்கோணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. 'எக்ஸால் நேர்ந்த பிழை'ன்னு கோத்துரட்டுங்களா? பையனுக புத்திசாலிக. எக்ஸு யாருன்னு அவங்களே கண்டுபுடிச்சுக்குவாங்க."

மல்லப்பன் மேஜைப் பக்கம் திரும்பி, தொலையாத எதையோ தேடினார். யக்ஞநாராயணன் தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு குனிந்து, "நூலாசிரியரால்" என்று எழுதிச் சேர்த்தார். லிங்கப்பன் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே சீட்டு ஆயிரமும் அச்சாகிக் காய்ந்தன. லிங்கப்பன் அதற்குப் பிறகும் பத்து வருஷம் அங்கேயே வேலை பார்த்தான். அந்தப் புத்தகம் மூன்று பதிப்புக் கண்டது. ஒவ்வொரு பதிப்பின் முன்னுரையிலும் வாத்தியார் தன் குருநாதருக்கும், தாள் கொடுத்தவருக்கும், அட்டை போட்டவருக்கும்கூட நன்றி சொன்னார். நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கணக்கு மூன்றிலும் சரியாக இருந்தது. சரி செய்தவன் பெயர் ஒன்றிலும் இல்லை.