நாலு வயதுக்கு ஐந்தாம் அளவு

ரோஸி மேரி குழந்தைகளை எண்களாகத்தான் பார்ப்பாள். வில்லியனூர் பேருந்தில் அம்மா மடியில் தூங்கும் பிள்ளை நாலரை. ஞாயிறு பூசையில் ஒருவனையொருவன் கிள்ளிக்கொள்ளும் பையன்கள் ஐந்தரை, ஆறு.

ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவின் டெக்னீஷியன் அவள். மயக்கம் கொடுத்த பிள்ளையின் தொண்டை வழியாக ஒரு டியூப் மூச்சுக்குழாய்க்குள் போகும். பெரிதாக இருந்தால் உரசிப் புண்ணாக்கும். சிறிதாக இருந்தால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும். வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்டினால் அளவு வந்துவிடும். அந்த அளவில் ஒன்று, அரை கூடுதலாக ஒன்று, அரை குறைவாக ஒன்று எனத் தட்டில் மூன்றை எடுத்து வைப்பாள். மயக்க மருந்து டாக்டர் கலைவேந்தன் புதிதாக வருபவர்களிடம், ரோஸி எடுத்து வைத்தால் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை என்பார். அதை வீட்டில் அவள் திரும்பத் திரும்பச் சொல்லப்போய், சோறு போடும்போதும் இவள் அளவு பார்த்துத்தான் போடுகிறாள் என்று கணவன் அருண் சேவியர் கேலி செய்வான்.

செலியமேட்டிலிருந்து வந்த சுவேதாவுக்கு நாலு வயது. தூங்கினால் குறட்டை, ஓடினால் மூச்சில் ஒரு கீச்சு. டான்சில் வீக்கம்தான் காரணம், எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. முந்தின நாள் மாலை ரோஸி வார்டுக்குப் போனபோது பிள்ளை கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, உன் தொப்பி பன்னு மாறி கீது."

"துன்னுடாத. நாளைக்கு வேணும்" என்றாள் ரோஸி. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு வாய் மூடவில்லை. பள்ளிக்கூடம், நாய்க்குட்டி, ஐஸ்கிரீம் எத்தனை கிடைக்கும் என்று ஒரே பேச்சு. அதற்கு நடுவே ரோஸி அவள் அம்மா செல்வகுமாரியிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"முன்னாடி எதுக்காச்சும் ஆஸ்பத்திரில சேத்தீங்களாம்மா? தொண்டைல டியூப் எதனா போட்டாங்களா?"

செல்வகுமாரி மகளை ஒருமுறை பார்த்தாள். "இல்ல சிஸ்டர்."

அந்தப் பார்வையை ரோஸி கவனித்தாள். பயந்த அம்மாக்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

காலையில் ஐந்து போகவில்லை. நாலரையும் போகவில்லை. டாக்டர் முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, ரோஸி அலமாரிக்கு ஓடி நாலும் மூன்றரையும் கொண்டுவந்தாள்.

"வயசு நாலுதான? முன்னாடி ஒண்ணும் இல்லியே?" என்றார் டாக்டர்.

"கேட்டுட்டேன் சார். ஒண்ணுமில்ல."

அந்தப் பதிலை நம்பி அவர் நாலை வைத்து லேசாகத் திருகி அழுத்தினார். இறுக்கமாகத்தான் போனது. மூன்றரை ரோஸியின் இன்னொரு கையில் பிரிக்காத உறையோடு இருந்தது. டான்சிலை எடுத்தாகிவிட்டது. டியூபை எடுத்ததும் பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகள் குழிந்தன. மருந்து கேட்கவில்லை. மூன்றரைகூட இப்போது நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லியதைப் போட்டு ஆம்புலன்சில் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சுக்குழாயில் பழைய தழும்பு ஒன்று சுருங்கியிருந்ததாம். அதன்மேல் இப்போது புதுப் புண். குழாயை எப்போது எடுக்கலாம் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம்.

ரோஸி போய்ப் பார்த்தாள். வராந்தாவில் செல்வகுமாரி சண்டை போடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"ரெட்டையா பொறந்துச்சுங்க, சிஸ்டர். மாசம் நெறயாம. ரெண்டு பேருக்கும் வாயில டியூப். ஒண்ணு போய்டுச்சு. செத்தவ பேச்ச இருக்கிறவ காதுல போடக்கூடாது, போட்டா இவளயும் கூட்டிக்கும்னு பொதைச்ச அன்னிக்கே எங்க வூட்ல சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நீங்க அவ எதுர்ல கேட்டீங்க. நான் இன்னா சொல்றது?"

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கதவு பத்தடி தூரம்கூட இல்லை. இப்போது ரோஸி ஒவ்வொரு தாயையும் வெளியே அழைத்துப்போய்த்தான் கேட்கிறாள். அதனால் சுவேதாவுக்கு ஆவது ஒன்றுமில்லை.

ரோஸி அடுத்த முறை போனபோது டாக்டர்கள் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். புதியவர் ஒருவர் பிறந்த கதையைக் கேட்டார். செல்வகுமாரி மகள் பக்கம் திரும்பவே இல்லை. ரெட்டை, ஒன்று இறந்தது, புதைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். தினமும் யாராவது கேட்கிறார்கள், பாடமாகிவிட்டது.

தலையணையில் சாய்ந்திருந்த சுவேதா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயசைத்தாள். கழுத்துக் குழாயில் காற்று மட்டும் வந்தது.