துறைமுக எல்லைக்கு வெளியே

என் சகலை கப்பலில் வேலை பார்த்தான். என்னை எரிச்சல்படுத்த அது ஒன்றே போதும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிடச் சின்னவன். தூத்துக்குடியில் ஏறினால் கொழும்பு, ரங்கூன் என்று சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் ஊர் சுற்றுவான். நான் மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நான் பார்த்த பெரிய தண்ணீர் வைகைதான். அதுவும் பாதி நாள் மணலாகக் கிடக்கும்.

மாமனார் வீடு பழங்காநத்தத்தில். தீபாவளி விடியலில் மருமகன்களை மணையில் உட்காரவைத்து மாமியார் தலையில் எண்ணெய் வைப்பார். முதல் எண்ணெய் மூத்த மருமகனுக்கு. அதுதான் அந்த வீட்டு முறை. இவன் வந்த பிறகு, 'கடல் தாண்டி வந்த பிள்ளை' என்று கிண்ணம் முதலில் அவன் பக்கம் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. என் மனைவிகூட. 

ஒரு ஆடிக்கு வந்திருந்தபோது அவன் கப்பல் சட்டம் பேச ஆரம்பித்தான். கரியில் ஓடிய கப்பல்கள் பல இப்போது எண்ணெயில் ஓடுகின்றனவாம். கப்பலின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தேங்குமாம். அதைத் துறைமுகத்துக்குள் இறைத்து விட்டால் அபராதமாம்.

"ஒரு சொட்டு விட முடியாது மாமா. மீனு செத்துப்போகும், தண்ணி மேல தீப்புடிச்சாலும் புடிச்சிரும். அம்புட்டு கெடுபிடி."

மாமனாருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் உயிர். அன்றைக்கே உத்தரவு போட்டார். இந்தத் தீபாவளி முதல் எண்ணெய்த் தலையோடு யாரும் கிணற்றுத் தொட்டியில் குளிக்கக் கூடாது, மாடு குடிக்கிற தண்ணீர். குடத்தில் எடுத்துக்கொண்டு கொல்லையின் எல்லை வரப்பைத் தாண்டிப் போய்த்தான் குளிக்க வேண்டும். தொட்டியில் மாடு வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்று முந்தின வருஷமே சொன்னவன் நான். அப்போது அது அவர் காதில் ஏறவில்லை. கப்பல்காரன் சொன்னதும் சட்டமாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கட்சிக்காரர்கள் போன பிறகு வக்கீலிடம் கேட்டேன். அவர் துறைமுகச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். அவன் சொன்னது அப்படியே இருந்தது. எனக்கு முகம் தொங்கிப்போனது. புத்தகத்தை மூடிக்கொண்டே, "எல்லாம் துறைமுக எல்லைக்குள்ளதான்யா. அதைத் தாண்டிட்டாக் கேக்க ஆளில்லை" என்றார். அந்தப் பேச்சைத் தீபாவளி வரை யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

தீபாவளியன்று மணை போட்டாயிற்று. வீடே கூடியிருந்தது. மாமியார் எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, துறைமுகத்துல விடக் கூடாத எண்ணெயை எங்க கொண்டுபோய் விடுவீக?"

"வெளிய போயி நடுக்கடல்ல அண்ணே."

"அங்க மீனு இல்லையாக்கும்?"

மாமனார் மெதுவாக வரப்பின் பக்கம் பார்த்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் பங்காளியின் கத்தரித் தோட்டம். அவருக்கு உறைத்துவிட்டது என்று முகமே சொன்னது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

சகலை கொஞ்சமும் சுணங்கவில்லை.

"அண்ணே சொல்றது நெசந்தேன் மாமா. தொறந்து விட்டபெறகு திரும்பிப் பாத்தா, கப்பலுக்குப் பின்னால கடலு எண்ணெயாப் பளபளன்னு கெடக்கும். பாக்க மனசு கேக்காது. ஆனா சட்டம் அம்புட்டு தூரம் எட்டல."

"உள்ளதை ஒளிக்காமச் சொல்றீகளே, அதுக்கே ஒரு மனசு வேணும் மாப்ள" என்றார் மாமனார். என்னைப் பார்த்து அல்ல.

மாமியார் கிண்ணத்தோடு வந்தார். வழக்கம்போலக் கை அவன் பக்கம் நீண்டது. அவன் தலையை நகர்த்திக்கொண்டான்.

"மூத்தவருக்கு மொதல்ல வைங்க அத்தை."

கை என் பக்கம் திரும்பியது. வெதுவெதுப்பான எண்ணெய் உச்சியில் இறங்கியது. மாமியார் தேய்த்தது என் தலையை, பூரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது அவனை. எனக்கு உரிய முதல் எண்ணெயை அவன் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன்.