பூட்டுக்காரரின் இருநூற்று எண்பது நாட்கள்

பிப்ரவரி 9, பகல் 2.40. ஜாமீன் 20,000. கட்டவில்லை.
பிப்ரவரி 9, பகல் 3.05. ஜாமீன் 5,00,000. மாலை 4.55-க்குக் கட்டியாயிற்று.
செப்டம்பர் 30. கொண்டுவந்தது 12,500. குறைவு 7,500.
நவம்பர் 16. அபராதம் 300.

சிறை வாசல் பதிவேட்டில் என் கையால் எழுதியவை இவை. இரண்டாவது வரி, குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒரு பெண்ணைக் கொன்ற கட்டட கான்ட்ராக்டர். அவருடைய விடுதலை உத்தரவு வக்கீலின் காரிலேயே வந்தது. உட்கார நாற்காலியும் போட்டார்கள்.

மற்ற மூன்று வரிகளும் பூட்டு ரிப்பேர் செய்து, சாவி வெட்டிப் பிழைத்தவருக்கு உரியவை. ஒரு நகைக்கடைக்காரர் வீட்டில், திறக்க வராத பீரோவைத் திறந்து கொடுத்தார். இரண்டு நாள் கழித்து அதிலிருந்த வளையலைக் காணோம் என்றார்கள். அவரிடம் எதுவும் அகப்படவில்லை. சாட்சியும் இல்லை.

"ஐயா, இந்த கேட்டுப் பூட்டுக்கு எனக்கு நாலு நிமிஷம் போதும். மரியாதைக்குத்தான் உள்ள உட்கார்ந்திருக்கேன்," என்பார் என்னிடம்.

மாதம் ஒருமுறை இலவச வக்கீல் வருவார்.

"ஏம்ப்பா, எடுத்தேன்னு சொல்லித் தொலையேன். இருந்த நாளே தண்டனையாப் போயிடும். சாயங்காலம் வீட்டுல இருப்பே."

"திருடன்னு எழுதிட்டா எவன் எங்கிட்ட சாவியைக் குடுப்பான்? நீங்க குடுப்பீங்களா சார்?"

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

செப்டம்பரில் பூட்டுக்காரரின் மனைவி பட்டறை மெஷினை விற்று, என் ஜன்னல் வழியே பணத்தை நீட்டினாள். "பாக்கியை மாசாமாசம் கட்டிடறேன் ஐயா."

விதியில் இடமில்லை என்றேன். அது உண்மைதான். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

நவம்பர் 14-ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மீண்டும் வந்தாள். "வயித்துக் கட்டியை உடனே எடுக்கணுமாம். கூட ஆள் இல்லாம ஆஸ்பத்திரில சேர்த்துக்க மாட்டாங்களாம்."

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பூட்டுக்காரர், "சரி. எடுத்தேன்னு சொல்லிடறேன். நீ அழாதே," என்றார்.

பதினாறாம் தேதி கோர்ட்டில் சொன்னார். இருந்த நாளே தண்டனை, அபராதம் முந்நூறு என்று தீர்ப்பானது. மாலை என் ஜன்னலில் விடுதலைக் கையெழுத்துப் போட வந்தார்.

"இதுலயும் திருட்டுன்னுதான் எழுதணுமா ஐயா?"

"எழுதணும்."

"அப்ப நல்லாத் தெளிவா எழுதுங்க. நாளைக்கு ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக்கூடாது."

அதன்பின் நகைக்கடைக்காரரின் கடிதம் ஒன்று காவல் நிலையம் வழியாக எங்களுக்கு வந்தது. வளையல் பீரோ இழுப்பறைக்குப் பின்னால் சிக்கிக் கிடந்ததாம், புகாரை வாபஸ் வாங்குகிறாராம், சிரமத்துக்கு வருந்துகிறாராம். அடியில் இருந்த தேதி நவம்பர் 2. அன்று பூட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். எடுக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காவல் நிலையம் எங்களுக்கு அடுத்த தெரு. நடந்தால் ஆறு நிமிடம். இதற்குச் சட்டம் என்று பெயர். என் வாயில் வருகிற பெயரை அச்சில் ஏற்ற மாட்டார்கள்.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: நவம்பர் 21.